படகில் கூச்சி சுரங்கங்களுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வியட்நாம் போரில் அமெரிக்கர்களை எதிர்த்த போராளிகள் பதுங்கிப் போரிட்ட நிலத்தடி வலைப்பின்னல்தான் கூச்சி சுரங்கங்கள். வியட்நாமின் ஹோ சி மின் நகரத்திலிருந்து அங்கே போகப் பேருந்தும் உண்டு, படகும் உண்டு. பேருந்து மலிவு. சைகோன் ஆற்றில் விசைப்படகில் போனால் அதைவிடப் பல மடங்கு செலவாகும். ஆனாலும் ஒரே ஒருமுறைதான் போகப் போகிறீர்கள் என்றால் படகையே எடுங்கள். சொகுசுக்காகச் சொல்லவில்லை. அந்தச் சுரங்கங்கள் ஏன் அங்கே வெட்டப்பட்டன என்பதற்கான விடையில் பாதி அந்த ஆற்றில்தான் இருக்கிறது. மேற்குக் கரையில் கூச்சி. எதிர்க்கரையில் அமெரிக்கர்கள் ‘இரும்பு முக்கோணம்’ என்று பெயரிட்ட காட்டுப் பகுதி. ஆளும் அரிசியும் ஆயுதமும் இரவோடு இரவாகக் கடந்தது இந்தத் தண்ணீரைத்தான். சில சுரங்கங்களின் கடைசி வாய் ஆற்றங்கரையிலேயே திறந்தது. பேருந்தில் வருகிறவருக்கு இது வரைபடத்தில் ஒரு கோடு. படகில் வருகிறவர் ஒன்றேகால் மணி முதல் இரண்டு மணி நேரம் வரை இரு கரையையும் பார்த்துக்கொண்டே வருகிறார்.

பதிவு செய்யும் முன்

கூச்சி என்பது ஒரே இடம் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பவை இரண்டு வளாகங்கள்: பென் தின், பென் யுவோக். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டாவது சொல் இரண்டிலுமே ‘டி’ எழுத்தில்தான் தொடங்கும் என்பதால் விளம்பரங்களில் குழப்பம் வரும். (‘பென்’ என்றால் படகுத்துறை. நகரத்தின் பென் தான் சந்தை முதல் மேலே பென் சுக் வரை, அந்த ஆற்றோரத்தில் நம் ஊர்த் ‘துறை’கள் போல எங்கு பார்த்தாலும் பென்.)

பென் தின் நகரத்துக்கு நெருக்கம், சுமார் 50 கி.மீ. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் இங்கேதான் வருகின்றன. வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் சுரங்கத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள், கூட்டம் உண்டு. பென் யுவோக் இன்னும் 20 கி.மீ. தள்ளி. பரப்பு பெரிது, கூட்டம் குறைவு, மரநிழல் அதிகம். 1995 டிசம்பரில் திறக்கப்பட்ட நினைவுக் கோயிலும் இங்கேதான் இருக்கிறது. அதன் சுவர்களில் போரில் இறந்த 44 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நேரம் குறைவாக உள்ளவர்களுக்கும் பென் தின் போதும். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் பென் யுவோக் போகும் படகைத் தேடிப் பிடிக்கலாம். எதுவானாலும் சீட்டு வாங்கும்போதே இரண்டில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, படகு எங்கிருந்து கிளம்பும் என்று கேளுங்கள். ஆற்றுப் பயணங்கள் நகர மையத்தில் உள்ள பாக் டாங் துறையிலிருந்தும் கிளம்பும், சைகோன் பாலத்தருகே உள்ள தான் காங் துறையிலிருந்தும் கிளம்பும். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் அது அரை மணி நேரம் ஆகலாம். தவறான துறையில் போய் நின்றால் படகு காத்திருக்காது. பாக் டாங்கில் இன்னொரு பொறியும் உண்டு. அங்கே ‘வாட்டர்பஸ்’ என்ற மஞ்சள் படகும் கிளம்பும். அது உள்ளூர்ப் போக்குவரத்து, லின் டோங் வரைதான் போகும். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு, கூச்சி எப்போது வரும் என்று கேட்டுப் பயனில்லை.

முகவரிகளில் ‘1ஆம் மாவட்டம்’ என்று வரும். 2025 ஜூலை முதல் நிர்வாகத்தில் மாவட்டங்களே கிடையாது. ஆனால் வாடகை வண்டி ஓட்டுநர் முதல் விடுதிக்காரர் வரை எல்லோரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம்.

கேட்க வேண்டியவை இன்னும் சில: நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, மதிய உணவு உண்டா, திரும்பி வருவதும் படகிலா. போகும்போது படகு, வரும்போது பேருந்து என்று விற்கிறார்கள். செலவு கணிசமாகக் குறையும், ஆற்றையும் பார்த்த மாதிரி ஆயிற்று. திரும்பும்போது எல்லோரும் படகில் தூங்கத்தான் போகிறார்கள் என்பதால் இது மோசமான பேரம் இல்லை.

காலையா, மதியமா

சந்தேகமே வேண்டாம், காலைதான். ஏழு, ஏழரைக்குக் கிளம்பும் படகு ஒன்பது மணியளவில் போய்ச் சேரும். பேருந்துகள் வழியில் கைவினைக் கூடத்தில் நிறுத்திவிட்டு வருவதால் தாமதமாகும். அந்த ஒரு மணி நேர முந்தல்தான் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் உண்மையான மதிப்பு. சுரங்க வாயில் நாற்பது பேர் வரிசையில் நிற்பதற்கும், உங்கள் குழு மட்டும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் உள்ளே இறங்கிய பிறகுதான் புரியும்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை உலர்ந்த காலம். மே முதல் நவம்பர் வரை மழை; பெரும்பாலும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மழைக்காலத்திலும் காலைப் படகில் போய்விட்டால் பயணம் கெடுவதில்லை, தரை மட்டும் வழுக்கும்.

பணம்

இந்தியர்கள் முன்கூட்டியே மின்விசா எடுக்க வேண்டும். வியட்நாம் அரசின் தளங்கள் ‘கவ்.விஎன்’ (gov.vn) என்று முடியும். அப்படி முடியாத தளங்கள் இடைத்தரகர்களுடையவை, ஒருமுறை நுழைவுக்கான 25 டாலர் கட்டணத்தின்மேல் கூடுதலாகக் கறப்பார்கள்.

வியட்நாம் நாணயமான டாங் கணக்குக்கு எளிய வழி: கடைசி மூன்று சுழியை வெட்டிவிட்டு மூன்றேகாலால் பெருக்குங்கள். ஒரு லட்சம் டாங் சுமார் 330 ரூபாய். 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீலம். அவசரத்தில் இளநீருக்கு ஐந்து லட்சத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. பெரிய தாளைப் பணப்பையின் வேறு அறையில் வையுங்கள். வளாகத்துக்குள் குடிதண்ணீர், நினைவுப்பொருள், சுடும் களத்தில் தோட்டா எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் சுலபம்.

உடுப்பும் பையும்

கூச்சியின் மண் சிவப்பு. வெள்ளைச் சட்டை வேண்டாம். முழங்கால் மூடும் பருத்திக் கால்சட்டை, மூடிய காலணி, ஒரு மாற்றுச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு, அரை லிட்டர் தண்ணீர். இதற்குமேல் எதுவும் தேவையில்லை. சேலையும் வேட்டியும் சுரங்கத்துக்கு ஆகாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பென் யுவோக் கோயிலுக்குப் போவதாக இருந்தால் தோள் மூடியிருக்க வேண்டும்.

முதுகுப்பையைப் படகில் விட்டுவிட்டு வரலாமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். சுரங்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் உடம்பால் மாட்டுவதில்லை, முதுகுப்பையால் மாட்டுகிறார்கள்.

படகில்

கழிப்பறை இல்லாத படகுகள் உண்டு, ஏறும் முன்பே போய்விடுங்கள். உயிர்காப்பு மேலங்கியை வாரை இறுக்கிப் போடுங்கள். தொளதொளவென்று இருந்தால் தண்ணீரில் அது தலைக்கு மேலே நழுவும்.

எங்கே உட்காருவது? முதுகுவலிக்காரர்களும் குழந்தைகளும் படகின் நடுவில் அல்லது சற்றுப் பின்னால். ஆறு அமைதியானதுதான், ஆனால் மணல் ஏற்றிய பெரிய தோணிகள் எதிரே வரும். தண்ணீர் விளிம்பைத் தொடும் அளவுக்கு அமிழ்ந்து, முகப்பில் வரைந்த கண்களோடு. அவை எழுப்பும் அலையில் உங்கள் படகின் மூக்கு தூக்கி அடிக்கும். அந்த அடி முன்வரிசைக்குத்தான் போகும். கடைசி வரிசையில் இயந்திரச் சத்தத்தில் வழிகாட்டி சொல்வது காதில் விழாது. வெயில் பொறுக்காதவர்கள் இடப்பக்கம் உட்காரலாம். போகும்போது படகு ஏறக்குறைய வடக்கு நோக்கிப் போவதால் காலை வெயில் வலப்பக்கம். பிற்பகலில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கம்தான். ஆற்றின் வளைவுகளில் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

வழியில் படகு திடீரென்று நின்று, பின்னோக்கி ஒரு உறுமல் உறுமிவிட்டுக் கிளம்பினால் பயப்பட வேண்டாம். ஆற்றில் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதக்கிறது. அதன் தண்டும் வேரும் படகைத் தள்ளும் சுழலியில் சுற்றிக்கொண்டால் வேகம் போய்விடும். ஓட்டுநர் சுழலியை எதிர்த்திசையில் சுழற்றி அதை உதறுகிறார்; சில நேரம் இயந்திரத்தைத் தூக்கிக் கையால் பிய்த்தெறிவதும் உண்டு. சைகோன் ஆற்றில் கடல் ஏற்றவற்றம் வெகுதூரம் உள்ளே வருவதால் இந்தத் திட்டுகள் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். போகும்போது விலக்கிவிட்டு வந்த அதே கூட்டம் வரும்போதும் எதிர்ப்படலாம். எனவே பிற்பகலில் வேறு வண்டியோ விமானமோ பிடிக்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டுத் திட்டமிடுங்கள்.

தரைக்கு மேலே

இறங்கியதும் சில நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படத்தோடு சுற்று தொடங்கும். போர்க்காலத்தில் எடுத்த பிரச்சாரப் படம். ‘அமெரிக்கரைக் கொன்ற வீரர்’ என்பது உண்மையிலேயே வழங்கப்பட்ட பட்டம்; அது படத்திலும் வரும். வென்றவர்கள் சொல்லும் கதை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். பக்கத்திலேயே ஓர் அமெரிக்க முதியவர் பேசாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். கைதட்டலும் கேலியும் வேண்டாம்.

இதை முதலில் தெரிந்துகொண்டு போனால் வழிகாட்டி சொல்வது புரியும். சுரங்கம் வெட்டத் தொடங்கியது அமெரிக்கர்களுக்கு எதிராக அல்ல. 1940களின் பிற்பகுதியில், பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக. 1960களில் அது வலைப்பின்னலாக விரிந்தது. மொத்த நீளம் 200 முதல் 250 கி.மீ. வரை என்கிறார்கள். மூன்று அடுக்கு: சுமார் 3 மீட்டர், 6 மீட்டர், பத்து மீட்டருக்கு மேல். கருவிகள் சிறு மண்வெட்டியும் மூங்கில் கூடையும்தான். மண்ணின் குணம்தான் ரகசியம். இரும்புச்சத்துள்ள களிமண், மழையில் வெட்ட இளகும், காய்ந்தால் காரைபோல் இறுகும். வெட்டிய மண்ணை என்ன செய்வது என்பதுதான் பெரிய தலைவலி. குண்டு விழுந்த பள்ளங்களில் கொட்டினார்கள், வயலில் பரப்பினார்கள், ஆற்றில் கரைத்தார்கள்.

1966 ஜனவரியில் ‘கிரிம்ப்’ நடவடிக்கையில் அமெரிக்கப் படைகளோடு வந்த ஆஸ்திரேலியப் பொறியாளர்கள்தான் உள்ளே இறங்கித் தேடத் துணிந்த முதல் ஆட்கள். மறு ஆண்டு ஜனவரியில் ‘சீடர் ஃபால்ஸ்’. சுமார் 30,000 படையினர் இரும்பு முக்கோணத்தைச் சல்லடை போட்டார்கள், பென் சுக் கிராமத்தை மக்களை வெளியேற்றிவிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சுரங்கம் மட்டும் தீரவில்லை.

சுற்றுப்பாதையில் பொறிகள், வெடித்து நிற்கும் டாங்கி, அமெரிக்க பி-52 விமானம் போட்ட குண்டுப் பள்ளம், பழைய டயரில் செருப்பு வெட்டும் இடம் எல்லாம் வரும். எல்லோரும் மூங்கில் முள் பொறிகளின் முன்தான் படம் எடுக்கிறார்கள். அதைவிட நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, புற்று. பாதையோரம் கறையான் புற்றுபோல ஒரு மேடு, அடியில் விரல் அளவு துளைகள். அவைதான் மூச்சுத்துளைகள். மோப்ப நாய்கள் கண்டுபிடிக்கத் தொடங்கியபோது துளையருகே மிளகாய்த்தூள் தூவினார்கள். பிறகு அமெரிக்கச் சோப்பும் அமெரிக்கச் சீருடைத் துணியும் வைத்தார்கள். நாய்க்கு அது தன் எஜமானரின் வாசம், கடந்து போய்விடும்.

இன்னொன்று, ஹோவாங் காம் அடுப்பு. பிரெஞ்சுப் போர்க்காலத்தில் அதை உருவாக்கிய படைச் சமையல்காரரின் பெயர் அது. அடுப்பு தரைக்குக் கீழே. புகை நேராக மேலே வராது. வரிசையாக வெட்டிய சிறு அறைகளுக்குள் பாயும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குளிர்ந்து தங்கும், கிளையும் ஈரமண்ணும் மூடிய நீண்ட கால்வாய் வழியே போய், அடுப்பிலிருந்து வெகு தள்ளி மெல்லிய ஆவியாகத் தரையோடு ஊர்ந்து வெளியே வரும். சமைத்தது விடியற்காலையில், பனிமூட்டத்தோடு கலந்துவிட்டால் விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வளாகத்தில் சில நேரம் அடுப்பை எரித்தே காட்டுவார்கள். அடுப்பருகே நிற்காமல், வழிகாட்டியிடம் கேட்டுப் புகை வெளிவரும் இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். காய்ந்த இலைகளுக்கு நடுவே வியர்த்ததுபோல் கசியும்.

குறித்த பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். இது குண்டு மழை பொழிந்த நிலம்.

மூடிபோட்ட குழி

தரையில் இலைச்சருகை ஒதுக்கினால் மரமூடி ஒன்று. ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். ஊழியர் ஒருவர் இறங்கி மறைந்து காட்டுவார், பிறகு உங்களையும் கூப்பிடுவார்கள். முறை இதுதான்: மூடியை இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கால்களை முதலில் விடுங்கள், கைகளைக் கீழே இறக்காமலே மெல்லக் குந்துங்கள், மூடி தானாக வந்து உட்காரும். கையை இறக்கினால் தோள் அகன்று சிக்கிக்கொள்ளும். வெளியே வரும்போதும் முதலில் கைகள்தான் வர வேண்டும். இடுப்பு புகுமா என்று சந்தேகம் இருந்தால் மூடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கிய பிறகு தெரிந்துகொள்வது நல்லதல்ல.

சுரங்கத்துக்குள்

இதயக் கோளாறோ மூச்சிழுப்போ உள்ளவர்கள், மூட்டு அறுவை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இறங்க வேண்டாம். மேலேயே நடந்து அடுத்த வாயிலில் காத்திருக்கலாம், எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

பென் தினில் பயணிகளுக்கான பகுதி சுமார் 100 மீட்டர். ஏறக்குறைய 20 மீட்டருக்கு ஒரு வெளியேறும் படிக்கட்டு உண்டு. அகலப்படுத்திய பிறகும் இடுப்பு உயரம்தான். உண்மையான சுரங்கம் இதைவிடக் குறுகல்.

வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியம். நடுவில் நிற்காதீர்கள். முன்னே ஒருவர் படமெடுக்க நின்றால் நடுவில் இருப்பவரால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. பதற்றம் அங்கேதான் தொடங்கும். தைரியம் உள்ளவர் வழிகாட்டிக்கு அடுத்ததாக இறங்கலாம். கொஞ்சம் பயம் இருக்கிறவர் கடைசியில் இறங்க வேண்டும். அவருக்குப் பின்னே வழி திறந்தே இருக்கும்.

இறங்கியதும் கண் பழக அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே போகிறவருக்கும் உங்களுக்கும் ஒரு ஆள் நீளம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அவருடைய செருப்பு உங்கள் முகத்தில். குந்திய நிலையில் வாத்துபோல் நடப்பது குள்ளமானவர்களுக்குச் சரி; உயரமானவர்களுக்குப் பத்தே அடியில் தொடை பிடித்துக்கொள்ளும், அவர்கள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது மேல். கைப்பேசி ஜிப் போட்ட பையில் இருக்கட்டும். உள்ளே மங்கலான விளக்கு உண்டு. மேலே வௌவால் தொங்கலாம், அதன்மீது வெளிச்சம் அடிக்காதீர்கள்.

காற்று வருகிறது, ஆனால் வெக்கை. ஐந்து நிமிடத்தில் சட்டை பிழியும் அளவுக்கு நனையும். மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடுங்கள். ‘அடுத்த வாயிலில் ஏறுகிறேன்’ என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள், முன்னே இருப்பவர்கள் நகர்வார்கள். முதல் இருபது மீட்டரில் ஏறிவிடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். வெட்கப்பட ஒன்றுமில்லை. சுரங்கம் நேராகப் போகாமல் ஏன் வளைகிறது என்பது தவழும்போதுதான் உறைக்கும்: ஒரு வளைவில் வெடித்தது அடுத்த வளைவைத் தாண்டாது, துப்பாக்கிக் குண்டும் நேராக வெகுதூரம் போக வழியில்லை.

வெளியே வந்ததும்

அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் தருவார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலை, எள், உப்பு அல்லது சர்க்கரை கலந்த பொடி. போராளிகளின் அன்றாட உணவு இது. கன்னியாகுமரிக்காரர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, மீன்குழம்புதான் குறை.

சைவம் உண்பவர்கள் பதிவு செய்யும்போதே ‘ஆன் சாய்’ என்று சொல்லிவிடுங்கள்; புத்த முறைச் சைவச் சாப்பாடு என்று அவர்களுக்குப் புரியும். வெறுமனே ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் கீரைப் பொரியலிலும் மீன் சாறு விழுந்திருக்கும்.

சுடும் களத்தில் ஏகே-47, எம்-16 போன்றவற்றால் சுடலாம். கட்டணம் தோட்டாக் கணக்கு, குறைந்தது பத்து வாங்க வேண்டும் என்பார்கள். துப்பாக்கியின் வாடகை என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிடாதீர்கள், மொத்தத்தை முதலிலேயே கேளுங்கள். இயந்திரத் துப்பாக்கியில் பத்துத் தோட்டா ஒரு மூச்சில் தீர்ந்துவிடும். காதுறை இல்லாமல் அருகே போக வேண்டாம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் அந்தப் பக்கத்துத் தின்பண்டக் கடையில் உட்காருவதையும் தவிர்க்கலாம். சுட வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். ஒரு நினைவிடத்தின் நடுவே இந்தச் சத்தம் பொருந்தவே இல்லை.

திரும்பும் படகு பாக் டாங்கில் விட்டால் அங்கிருந்து நடந்தே தோன் தாட் தியெப் தெருவுக்குப் போய்விடலாம். அங்கே நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டிக்கடையும் வணிகமும் நடத்த வந்தவர்கள் இதே ஆற்றின் துறைகளில்தான் இறங்கினார்கள். ஆனால் முதலில் விடுதிக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு மண் பட்ட துணியை ஈரத்தோடு தேய்க்காதீர்கள், கறை இழைக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, உதறி, தூரிகையால் தட்டிவிட்டு அப்புறம் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.